கணக்கிணக்கம்

எங்கள் கந்தோர் ஐந்தாம் மாடியில்.
அல்ட்ஸ்டெட்டன் தண்டவாளங்களைப் பார்த்த யன்னல்.
நவம்பரில் தண்டவாளமும் தெரியாது,
மூடுபனிக்குள் ரயில் போகிற சத்தம்தான்.

எனக்குக் கீழே ஆறு பேர்
என்கிறது அட்டவணை.
இருப்பதென்னவோ எல்லோரும் ஒரே தளத்தில்.

வேலை இதுதான்:
இந்த வங்கி அனுப்பினேன் என்கிற தொகையையும்
அந்த வங்கி வாங்கினேன் என்கிற தொகையையும்
பக்கம் பக்கமாய் வைத்துப் பார்ப்பது.
யாழ்ப்பாணத்து வணிகப் பாடத்தில்
கணக்கிணக்கம் என்று எழுதிப் புள்ளி வாங்கினேன்.
பொருந்தினால் மறந்துவிடலாம்.
பொருந்தாததற்குத்தான் சம்பளம்.

திங்கட்கிழமை
ஊழியர் நலன் அளவீட்டின் முடிவு வந்தது.
பச்சை வட்டங்கள். சராசரி நான்கு தசம் இரண்டு.
மேலிடத்திலிருந்து ஒரு கட்டைவிரல்,
கூடவே மூச்சுப்பயிற்சி வகுப்புக்கு அழைப்பு:
புதன் பன்னிரண்டரை, சாப்பாட்டைக் கொண்டுவரலாம்.

ஒன்பதாம் கேள்வியில் மட்டும்,
'நான் சோர்ந்திருந்தால் இங்கே யாராவது கவனிப்பார்கள்',
ஐந்து பேர் ஐந்து.
ஒருவர் ஒன்று.

பெயர் தெரியாது. தெரியவும் கூடாது.
அந்த உறுதிமொழியை வாசித்துக் காட்டியதே நான்தான்,
கூட்டத்தில், இரண்டு மொழியில்.
ஆனால் இருபத்திரண்டு வருசமாய்
வித்தியாசம் தேடிப் பழகிய கண்.
அதற்கு லீவு கிடையாது.

பெஸ்னிக்? வீட்டில் மூன்று மாதக் குழந்தை,
நித்திரை இல்லை, சிரிப்புக்குக் குறைவில்லை.
உர்சினா? குறை என்றால் முகத்துக்கு நேரே சொல்லுவாள்,
ஒன்பது மணிக் கோப்பிக்கு முன்னமே.
ரெட்டோ பென்சனுக்கு நாள் எண்ணுகிறான்,
அவனுக்கு எல்லாமே ஐந்துதான்.
இப்படி ஆளாளாய் வெட்டிக்கொண்டு போனேன்,
வெட்கமில்லாமல்.

விப்கே மிஞ்சினாள்.
ஜெர்மனிக்காரி, ஓல்டன்பூர்க். வந்து எட்டு மாதம்.
எதை அனுப்பினாலும் இரண்டு நிமிசத்தில் பதில் வரும்.
இரவு பதினொன்றரைக்கும் இரண்டு நிமிசம்தான்.
அதற்காக ஒருமுறை
எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டியிருக்கிறேன்.

கதிரையை விட்டு எழும்பினேன்.

கேட்கக்கூடாததை எப்படிக் கேட்பது?
அச்சியந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று
காலநிலை கதைத்தேன். பிறகு,
அந்த அளவீட்டில் எந்த முனை நல்லது,
எனக்கே குழம்பிவிட்டது என்றேன். பொய்.

விப்கே சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.
'ஒன்றுதானே? எங்கள் பள்ளிக்கூடத்தில்
ஒன்றுதான் முதல் தரம்.'
இங்கே பள்ளிக்கூடத்தில் ஆறுதான் உச்சம்.
எல்லை தாண்டினால் புள்ளியும் தலைகீழ்.

அப்பாடா என்றிருந்தது.
பொருந்திவிட்டது, மூடிவிடலாம்.

பாதித் தூரம் வந்தபிறகுதான் தட்டுப்பட்டது:
மற்றப் பதினொரு கேள்விக்கும்
ஒருவர்கூட ஒன்று போடவில்லை.

திரும்பிப் பார்த்தேன்.
அச்சாகி விழுந்த தாளை எடுக்காமல்
யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
அங்கே பார்க்க எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள்.
தூன் ஏரிக்கரை விடுதியில் இரண்டு நாள்,
'செவிகொடுக்கும் தலைமை', சான்றிதழும் உண்டு.
அதில் ஒரு வசனமும் வாயில் வரவில்லை.

தாளை நானே எடுத்தேன்.
பொருந்தாத தொகைகள், நாற்பத்தொன்று.
நடுவில் மடித்துக்
கீழ்ப்பாதியைக் கிழித்தேன்.
'இது என்னுடையது.
இரவில் எனக்குப் பதில் எழுதாதே.
அதைப் பாராட்டியது என் பிழை.'

'தாளைக் கிழிப்பது விதிக்கு மாறு' என்றாள்.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு,
'கவனித்தீர்களா' என்றாள்.

கேள்விதானா தெரியவில்லை.
நான் பதில் சொல்லவும் இல்லை.

நாற்பத்தொன்றில் இருபத்தொன்று என் பங்கு.
ஆறு மணிக்கு இன்னும் நாலு மிச்சம்,
அவளிடம் ஏழோ எட்டோ.
விளக்கை அணைத்தேன்.
இருந்துவிட்டுப் போகட்டும்.