அவளுக்கு இருட்டு

முதலில் வால்.
நுனியிலிருந்து மயிர் உதிர்ந்து உதிர்ந்து
ஜனவரியில் எலிவாலாய் நின்றது.
குளிர்காலம், உதிரும் என்றான் யோரிட்.
குளிருக்கு முளைக்கத்தானே வேண்டும் என்றேன்.
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

கனேல் என்று பெயர் வைத்ததும் அவன்தான்.
இலவங்கப்பட்டை நிறத்து ஃபெரெட்,
ஐந்து வயது, காலுறைத் திருடி.
சோபாவுக்கடியில் அவள் கஜானாவில் என்னுடையவை பதினொன்று,
ஒன்றுக்கும் ஜோடி கிடையாது.

பிப்ரவரியில் இடுப்பு. பிறகு விலா,
இரண்டு பக்கமும் ஒரே அளவாய்,
யாரோ நாடா பிடித்து மழித்ததுபோல்.
தோள்களுக்கு நடுவே சொறிந்துகொண்டே இருந்தாள்.
தோல், ஊறிய காகிதம்.
குட்டியிலேயே கருத்தடை செய்தவள்;
அவளுக்கு அங்கே வீங்கியிருந்தது,
பருவம் வந்தவள் மாதிரி.

டாக்டர் ஹாடெவிக் வயிற்றில் ஜெல் தடவி
திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.
இது சிறுநீரகம். அதன் தலைமாட்டில்
பருப்பளவு இருக்க வேண்டியது
பட்டாணி அளவாகியிருக்கிறது, பாருங்கள்.
பார்த்தோம். சாம்பல் மழைக்குள் ஒரு சாம்பல் துளி.

பண்ணையில் ஆறு வாரத்திலேயே
சூலகத்தை எடுத்துவிடுகிறார்கள் என்றார்.
மூளைக்கு அது தெரியாது.
போதும், கிடைத்தது என்று திருப்பிச் சொல்லக்
கீழே ஆளில்லை.
காலி வீட்டுக்குக் கடிதம் மேல் கடிதமாய்ப் போடுகிறது.
பக்கத்து வீட்டுக்காரி பிரித்துப் படித்துவிடுகிறாள்.
அட்ரீனல்.
அவள் வேலையே இல்லை அது. ஆனாலும் தொடங்குகிறாள்,
செய்யச் செய்யப் பெருக்கிறாள்.

பிறகு கேட்டார்:
இரவில் அவளுக்கு எத்தனை மணி நேரம் இருட்டு?

யோரிட் என்னைப் பார்த்தான்.
நாங்கள் இருப்பது வெஸ்ட்லாண்டில்.
ஜன்னலுக்கு எதிரே ஏக்கர் ஏக்கராய்க் கண்ணாடி,
உள்ளே இரவெல்லாம் எரியும் விளக்குகள்.
திரைகளை இழுத்தாலும் கசியும்;
மேகங்களின் அடிவயிறு சிவந்தே கிடக்கும்.
நான் அங்கேதான் இரவுப்பணி.
பொய்ச் சூரியனில் தக்காளி பழுக்கிறது,
வாடகை கட்டுகிறோம்.
அதே விளக்கு இவள் கூண்டுக்குள்ளும் வந்து
ஐந்து வருடமாய்ச் சொல்லியிருக்கிறது:
கோடை, இன்னும் கோடை.

எனக்கு ஐம்பத்திரண்டு.
தூரம் நின்று ஒன்பது மாதம்.
என் உடம்பு கடையைச் சாத்திக்கொண்டிருக்க,
சாத்திய கடையைத் திறந்துகொண்டிருக்கிறது இவளுடையது.
தராசில் எழுநூற்று நாற்பது கிராமை
அழுத்திப் பிடித்திருந்தபோது
கழுத்திலிருந்து நெற்றிவரை குப்பென்று ஏறியது.
டாக்டர் ஒரு விளம்பரத் தாளை நீட்டினார்.
விசிறிக்கொண்டேன். பூச்சி மருந்து விளம்பரம்.
அவரும் கையால் விசிறிக்கொண்டார்.
யோரிட்டுக்கு ஏன் சிரிக்கிறோமென்று புரியவில்லை.

இடது பக்கமென்றால் கத்தி வைக்கலாம்.
இவளுக்கு வலது;
பெருஞ்சிரையோடு ஒட்டிக் கிடக்கிறது.
ஆகவே அரிசியளவு ஒரு மருந்துத் துண்டு,
தோளுக்கு நடுவே, தடித்த ஊசியால்.
கடிதங்களைத் தபாலாபீசிலேயே நிறுத்தும்.
ஒரு வருடம், சிலருக்கு இரண்டு.
கட்டி அப்படியேதான் இருக்கும்.
குணமாகுமா என்றான்.
இல்லை என்றார். மயிர் முளைக்கும் என்றார்.

மேலாளரிடம் கேட்டு, கிழிந்த நிழல்துணி ஒன்றை
உருட்டிக்கொண்டு வந்தேன்.
யோரிட் தைத்தான், கோணலாய், மீன்பிடி நூலில்.
இப்போது மாலை ஐந்துக்கே அந்த அறையில் இரவு.

விடியற்காலை ஆறுக்குத் திரும்புகிறேன்.
விளக்குப் போடுவதில்லை.
மேசைக்காலில் இடித்துக்கொண்டு, கெட்ட வார்த்தையை முழுங்கி,
தரையில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றும்போதே
ஈரமூக்கு ஒன்று என் காலுறை நுனியைக் கவ்வி இழுக்கிறது.
இழுக்கட்டும்.
இருட்டில் கைக்கு அகப்பட்ட வாலை
அடியிலிருந்து நுனிவரை தடவுகிறேன்.
நடுவில், விரற்கடை அளவுக்கு,
சவரம் செய்த மறுநாள் யோரிட்டின் மோவாய்போல்
என்னவோ குத்துகிறது.