கலத்தின் வகை

படகுத்துறைக்குப் புதுப் படிவம் வந்திருக்கிறது.
முதல் கட்டம்: கலத்தின் வகை.
கடைசிக் கட்டம்: இழப்பு.
இடையில் கையெழுத்துக்கும் சீலுக்கும் இடம்.

இருபத்தேழாம் எண் நேற்றிரவு அமிழ்ந்துவிட்டது.
மூக்கு மட்டும் வெளியே தெரிகிறது,
அதன் மேல் ஒரு நீர்க்காகம்.

அடைக்கலம் இருந்தால்
வள்ளம் என்று எழுதச் சொல்வான்.
அவன் ஊரில் அது கடலுக்குப் போகும்.
மலைக்குக் கீழே, நான் பிறந்த ஆயக்குடியில்
வள்ளத்தில் ஏறியது கம்பும் சோளமும்தான்.
முதல் வாரம் முழுக்க
இந்த ஒரு சொல்லால்
ஒருவரை ஒருவர் முட்டாள் என்று நினைத்திருந்தோம்.

மகளின் அகராதியைப் புரட்டுகிறேன்.
திமில், படகாம்.
நான் காளையின் முதுகில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.
வங்கம், கப்பலாம். ஈயமுமாம்.
மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் ஒரே பெயர் வைத்தவன்
எங்கள் படகுகளைப் பார்த்திருக்க வேண்டும்.
தெப்பம், சாமி ஏறுவது.
கொடைக்கானலில் ஐப்பசி மாதம்
ஆசாமிகள் ஆவது;
தெப்பமாய் நனைந்து வந்து
கவுண்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்களே,
இங்கே எல்லா ஓடமும் முதலில் வண்டியில்தான் ஏறியது.
வத்தலக்குண்டுச் சாலையில், லாரியில், கவிழ்த்துப் போட்டு.
அத்தனை கொண்டை ஊசி வளைவிலும்
வாந்தி எடுக்காமல் வந்த பயணிகள்
அவை மட்டும்தான்.

புணை. தெப்பம் என்று போட்டிருக்கிறது.
பக்கத்திலேயே, ஜாமீன்.

விரல் அங்கே நின்றுவிட்டது.

அடைக்கலம் முன்பணம் இருபதாயிரம் வாங்கியபோது
காண்டிராக்டர் நீட்டிய பத்திரத்தில்
நான்தான் புணை.
மாதா திருவிழாவுக்குப் போனவன்.
இரண்டு மாதமாகப் போன் அணைந்திருக்கிறது.
மானம் கப்பலேறுது, என்றாள் தெய்வானை.
இந்த மலையில் ஏது கப்பல், என்றேன்.
அவள் சிரிக்கவில்லை,
சம்பளக் கவரைப் பிரித்து
இரண்டாம் முறை எண்ணினாள்.

இருபத்தேழு அவன் ஓட்டியது.
ராத்திரி மழை பிடித்தால்
டார்ச்சும் தகர டப்பாவுமாகப் போய்
நீர் இறைத்துவிட்டு வருவான்,
யாரும் சொல்லாமல், பேட்டா இல்லாமல்.

கலம் என்று எழுதத் தொடங்கினேன்.
பேனா அவன் பெயரின் பின்பாதியை
எழுதிக்கொண்டிருப்பது போல் இருந்தது.
அடித்துவிட்டுப் படகு என்று போட்டேன்.
துடுப்பு இரண்டு. பலகை, தெரியவில்லை.

இழப்பைக் காலியாக விட்டிருக்கிறேன்.
முதலில் நீரை இறைக்க வேண்டும்.
டப்பா இங்கேதான் இருக்கிறது,
கவுண்டருக்கு அடியில்,
அவன் சுற்றிவைத்த கயிற்றோடு.