வில்லங்கச் சான்று

மஞ்சக்குப்பம் பத்திரப்பதிவு ஆபீஸ் எதிரில்
இருபத்திரண்டு வருஷமாக
ஊரார் நிலத்துக்கு நான்கெல்லை எழுதுகிறேன்.
போன ஆனியில் ஒரு மத்தியானம்
'இதற்கு வடக்கு' என்று அடித்தவள்
வடக்கே யார் என்பதற்குள் தூங்கிவிட்டேன்.
விழித்தபோது திரையில்
கககககக
ஒரு பக்கம் முழுக்க.
முத்திரைத்தாள் கோதண்டம் சொன்னார்:
"க என்பவருக்கு ஒரு ஏக்கர் எழுதிவச்சிட்டீங்கம்மா."

பகலில் இப்படி. ராத்திரிக்கு வேறு வழக்கு.
இரண்டு மணிக்கு நெஞ்சுக்குள் யாரோ
புளியைக் கரைத்துக் கொதிக்கவிடுவார்கள்.
அது தொண்டைவரை வந்து எட்டிப் பார்க்கும்.
எழுந்து உட்கார்ந்து இருமுவேன்.
மூன்று தலையணை,
கட்டில் தலைமாட்டுக்கு அண்டைக்கு இரண்டு செங்கல்,
பிங்க் மருந்து மூடியில் ஊற்றாமல்
பாட்டிலோடு.
ராத்திரியில் மீன்குழம்பை நிறுத்தினேன்.
கடலூரில் இருந்துகொண்டு
வஞ்சிரத்திடம் வாய்தா வாங்குவது
லேசுப்பட்ட காரியமில்லை.

குறட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.
தேவநாதன் பேசவே இல்லை;
டிவி பார்க்க வசதி என்று
ஹாலில் பாய் விரித்துக்கொண்டார்.
சிதம்பரத்தில் ஒரு கல்யாணம்.
பெண்கள் அறையில், விடியலில், என் முதுகுக்குப் பின்னால்:
"பொம்பளையா இது, விசைப்படகா?"
அதற்கப்புறம் வெளியூரில் நான் தூங்குவதில்லை.

பாண்டியில் டாக்டர் செலஸ்தின்
வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை,
டேப் எடுத்துக் கழுத்தை அளந்தார்.
ரவிக்கைக்கா என்று கேட்கத் தோன்றியது.
தலையில், விரலில், விலாவில் ஒயர் ஒட்டி
ஒரு ராத்திரி படுக்கச் சொன்னார்கள்.
காலையில் கொடுத்த தாள்
எனக்குப் பழக்கமான தாள்தான்.
மணிக்கு நாற்பத்தோரு முறை
என் மூச்சின்மேல் அடமானம்.
"தொண்டை அடைச்சிருக்கு, நெஞ்சு விடாம இழுக்குது.
காத்து வர வழியில்ல,
வயித்துல இருக்கறது வருது."
ஊற்று நின்ற பிறகும் மோட்டார் ஓடினால்
சேறுதானே ஏறும்.

நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்.
டிபன் டப்பா அளவில் ஒரு மெஷின்,
துதிக்கை மாதிரி குழாய்,
மூக்குக்கு ஒரு மூடி.
முதல் வாரம் காற்றைச் சாப்பிட்டேன்.
வயிறு உப்பி, டவுன் பஸ்ஸில்
வாயை மூடிக்கொண்டு ஏப்பம்.
மூக்குத்தண்டில் சிவப்பாக ஓர் எல்லைக்கல்.
இரண்டு முறை அதைப் பரணில் ஏற்றினேன்.
இரண்டு முறை தேவநாதன் ஸ்டூல் போட்டு இறக்கினார்,
தூசி தட்டி, ஒன்றும் சொல்லாமல்.

எப்போதிருந்து என்று தேதி போட முடியவில்லை.
ஐப்பசியில் பார்த்தால்
பிங்க் பாட்டில் காலாவதியாகியிருந்தது,
பாதிக்குமேல் மருந்தோடு.
முழுக்கத் தீர்ந்தது என்று எழுதித் தரமாட்டேன்.
மிளகாய் பஜ்ஜிக்கு இன்னும் எரிகிறது.
மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது;
அது எடை, அதற்குத் தனி ஃபைல்.
ஆனால் ராத்திரி இரண்டு மணி
எப்படியிருக்கும் என்பது மறந்துபோச்சு.

கார்த்திகையில் புயல் கரை ஏறிய அன்று
கரண்ட் போனது.
மூடிக்குள் காற்று நின்றதும்
தூக்கத்திலேயே பிய்த்துப் போட்டிருக்கிறேன்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
தோளில் ஒரு கை,
என்னை ஒருக்களித்துப் புரட்டியது.
கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.
"பதினெட்டு எண்ணிட்டேன், நீ மூச்சு விடல."
"எத்தினி வருஷமா எண்றீங்க?"
மாடித் தகரம் ஒன்று கழன்று
தெருவில் உருண்டுபோகும் சத்தம்.
அவர் பதில் சொல்லவில்லை.
எனக்கும் சுவருக்கும் நடுவே
ஒன்றரை அடி புறம்போக்கு இருந்தது,
அதில் படுத்துக்கொண்டார்.

நாலு நாள் கழித்து ஆபீஸ் திறந்தது.
குண்டுசாலையில் ஒரு மனை, கிரையம்.
'இதற்குக் கிழக்கு' என்று அடித்துவிட்டுக்
கை அப்படியே நின்றது.
கோதண்டம் எட்டிப் பார்த்தார்.
"தூங்கல," என்றேன்.