ரசமட்டம்

துணிக்கடை என்னை ஒன்றும் செய்யாது.
நகைக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி
வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.
எஸ்.ஜே.பி. ரோட்டில்
மாங்கிலாலின் இரும்புக்கடை மட்டும்
ஆகாது எனக்கு.

பதினைந்து ரூபாய் வாஷர்.
அதற்குத்தான் போனேன்.
குளியலறைக் குழாய் மூன்று நாளாகச் சொட்டுகிறது.

நஞ்சுண்டா ஏணியில் ஏறித் தேடுகிற நேரம்
போதாதா?
பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றைத்
திறந்து மூடிப் பார்த்தேன்.
அந்த 'டக்'குக்கே கொடுக்கலாம் நானூறு.
சிங்கமுகக் கைப்பிடி.
எண்ணெய் மணக்கும் கீல் இரண்டு.
எதற்கென்றே தெரியாமல்
உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்துகொண்ட ஒரு கொக்கி.

'பேரே ஏனாதரூ?'
வேறென்ன வேண்டும் என்கிறார் மாங்கிலால்,
நிமிராமல், பில் புத்தகத்தைப் புரட்டியபடி.
அவருக்குத் தெரியும்.

ஆணி அடிக்கக் கூடாது,
ஓட்டை போட்டால் அட்வான்ஸில் பிடிப்பேன் என்று
பதினோரு மாத ஒப்பந்தத்தில்
கையெழுத்து வாங்கியிருக்கிறார் புட்டஸ்வாமி.
கதவு அவருடையது. சுவரும்.
என்னுடையது
ஒரு ஷூ டப்பா நிறையத் தாழ்ப்பாள்கள்.

கடைசியாக எடுத்தது ரசமட்டம்.
மஞ்சள் உடம்பு, பச்சைத் திரவம்,
உள்ளே ஒரு குமிழி.
வீட்டுக்கு வந்து தரையில் வைத்தேன்.
ஹாலில், அறையில், அடுப்பு மேடையில்,
எங்கே வைத்தாலும்
குமிழி ஜன்னல் பக்கமே ஓடியது.
ஐந்து வருஷமாகச் சாய்ந்த வீட்டிலா
இவ்வளவு நேராக நடந்துகொண்டிருந்தேன்?

புட்டஸ்வாமிக்கு போன் போடலாமா
என்று யோசிக்கையில்
குளியலறையிலிருந்து
சொட்டு.

வாஷர் பொட்டலம்
மாங்கிலாலின் மேஜையிலேயே இருக்கும்.
சரி,
நாளைக்கும் போகவேண்டும்.