தடை என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்

துலூத்தில் ஏரி உறைந்து முடித்த வாரம்.
தெருவைச் சுரண்டிப் போகிறது பனிவண்டி.
நூற்றுப் பதினான்கு பக்கங்களை
மூன்றாம் முறையாகப் படிக்கிறேன்.
மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு
ஒரு பெப்டைடைப் பற்றிக் கூடிப் பேசிய குறிப்பு.
பதினொரு மணி கோத்த சரம்,
அதற்கு இன்னும் பெயர்கூட இல்லை, எண்தான்.

அறுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்
மூச்சு விடாமல் ஒன்பது வரி ஓடுகிறது.
பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன்:
யார்? எதைச் செய்யக் கூடாது? எப்போதிலிருந்து?
வெகுநேரம் மழுப்பிவிட்டுச் சொன்னது:
மருந்தகங்கள் இதைக் கலந்து விற்க வேண்டாம்,
நாங்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

இதற்கா ஒன்பது வரி.

என் தாள் இரண்டு பக்கம். நானூறு பிரதி.
சலவைக்கூடத்தில், தொழிற்சங்க வாசலில்,
பனிச்சறுக்குத் திடலின் டிக்கெட் மேசையில் கிடக்கும்.
விளம்பரம் கிடையாது.
அரிசோனாவிலிருந்து ஒருவர் தேன்குரலில் அழைத்தார்:
"மிஸ் லிண்ட்குவிஸ்ட், ஒரு வருடக் காகிதச் செலவு எங்களுடையது."
வேண்டாம் என்றேன்.
அன்று பார்த்துத்தான் அச்சுப்பொறியில் மை தீர்ந்தது.

சென்ற இதழின் தலைப்பில் "தடை" என்று போட்டேன்.
சின்னச் சொல். பெரிய எழுத்தில் அழகாக அடங்கியது.

இரவு பத்தரைக்கு வெல்டன் ஆஹோ கூப்பிட்டார்.
திடலில் பனியை மட்டம் செய்யும் வண்டி ஓட்டுபவர்.
"தோள்பட்டைக்கு ஆறு வாரமா ஊசி போட்டுக்கறேன்.
நான் இப்போ குற்றவாளியா?"
இல்லை, வெல்டன்.
"அப்போ நல்லதா?"
அது வேறு கேள்வி, என்றேன்.
சொல்லி முடித்ததும் உறைத்தது:
இரண்டு கேள்விகளையும்
ஒரே சொல்லில் வைத்துத் தைத்தது நான்தான்.

குப்பியை எடுத்து வாசிக்கச் சொன்னேன்.
குளிர்பெட்டி திறக்கும் சத்தம். கண்ணாடி தேடும் சத்தம்.
"ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர்க்கு அல்ல."
பெட்டிக்குள் வேறென்ன இருந்தது?
"பத்து சிரிஞ்சு. இலவசம்."
இரண்டையும் அருகருகே எழுதினேன்.
மூன்றாவது வாக்கியம் எழுதவில்லை.

திருத்தம் இப்படிப் போயிற்று:
தடை இல்லை. அனுமதியும் இல்லை.
எலிகளுக்குத் தசைநார் கூடியது, ஒரே ஆய்வகத்தில்.
மனிதர்கள் பன்னிரண்டு பேர்;
ஊசி போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரும் இல்லை.
சென்ற இதழில் நான் எழுதியது தவறு.

"புரியுது" என்றார் வெல்டன், டிக்கெட் மேசையில் நின்றபடி.
தோள்?
தூக்கிக் காட்டினார், காது வரைக்கும்.
"ஊசியாலயா, ஒரு மாசமா பாரம் தூக்காததாலயா,
அதையும் போடு: தெரியாது."
போட்டிருக்கிறேன், முதல் பக்கத்தில்.
அவர் தாளை நான்காக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
வண்டியில் ஏறினார்.
மீதிக் குப்பிகளை என்ன செய்தார் என்று
நான் கேட்கவில்லை.