குதிரைகள் வரவில்லை

குத்தாய்சியில் அவளை முதலில் பார்த்தது மேலேயிருந்து,
விளக்குப் பாலத்தின் கம்பிகளுக்கு நடுவே.
லாமாராவின் உச்சி வகிடு மட்டும் தெரிந்தது.
பணிப்பெண் வேடம். ஒரே ஒரு வசனம்:
"குதிரைகள் வந்துவிட்டன, ஐயா."
அந்த ஐந்து நொடிக்கு ஒன்பது வாரம் ஒத்திகை.
முதல் இரவு, கதவைத் திறந்தாள்,
தொண்டையைச் செருமினாள்,
"குதிரைகள் வரவில்லை, ஐயா" என்றாள்.

வந்தால்தான் பிரபு ஊரைவிட்டுப் போகமுடியும்.
போனால்தான் இரண்டாம் அங்கம்.
பிரபுவாக நின்ற ஷால்வா, பாவம்,
பத்து நிமிஷம் சன்னலோரம் தவித்தான்.
மழையைப் பற்றிப் பேசினான், லாடத்தின் விலையைப் பற்றிப் பேசினான்,
கடைசியில் நடந்தே போனான்.
கைதட்டல் அவனுக்கு.
சம்பள வெட்டு அவளுக்கு.

பிறகு எல்லாம் ஆனாள்.
விதவை, உளவாளி, ஞாயிற்றுக்கிழமைப் பகல்காட்சிகளில் கரடி.
அவளுடைய இடப்பக்கக் கன்னத்தெலும்பில்
ஒளி பட்டால் வழுக்கும்.
அதற்கென்றே ஒரு விளக்கை
மூன்று டிகிரி சாய்த்து வைத்திருந்தேன், பத்தொன்பது வருஷம்.
யாரிடமும் சொன்னதில்லை.
இப்போதும் சொல்லவில்லை, எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நாற்பத்தாறு வயதில் மேடையைவிட்டு இறங்கி
ஏழாவது வரிசையின் ஓர இருக்கையில் உட்கார்ந்தாள்.
இயக்குநர்.
"நடிக்காதே, தெங்கிஸ். மேலங்கியை மாட்டு.
வெறுமனே மாட்டு."
மேலங்கி மாட்டவே ஒரு வாரம் போகும்.
எந்த நாடகமானாலும் அதன் மூலையில்
எதற்கோ காத்திருக்கும் ஓர் ஆளை வைத்துவிடுவாள்.
அவனுக்கு அது வராது.
விமர்சகர்கள் அதற்குப் பெரிய பெரிய பெயர் வைத்தார்கள்.
நானும் ஷால்வாவும் பின்படிக்கட்டில்
புகைக்குள் சிரித்துக்கொள்வோம்.

அப்புறம் மின்சாரம் இல்லாத குளிர்காலங்கள்.
டிக்கெட்டுக்குப் பதில் ஒரு விறகுக்கட்டை.
விறகில்லாதவர்கள் மெழுகுவர்த்தி,
அதுவும் இல்லாதவர்கள் சும்மா வரலாம்.
செத்த சுவிட்ச் பலகைக்கு முன்னால்
கையுறையோடு உட்கார்ந்திருந்தேன், பழக்கதோஷம்.
"கீழே வா" என்று கூப்பிட்டாள்.
"உனக்கு ஒரு வசனம் இருக்கிறது."
எது என்று நான் கேட்கவில்லை.

மண்ணெண்ணெய் விளக்கோடு கதவைத் திறந்தேன்.
முப்பத்தொரு பேர். எல்லார் வாயிலும் ஆவி.
இந்த இடத்தை இப்போதுதான் கீழேயிருந்து பார்க்கிறேன்,
இவ்வளவு அகலமா?
ஏழாவது வரிசை வெறும் இருட்டு.
மூன்று டிகிரியாவது ஒன்றாவது,
ஆள் இருக்கிறாளா என்றே தெரியவில்லை.
பிரபு திரும்பினான். ஷால்வாதான், நரைத்த ஷால்வா.
வாயைத் திறந்தேன்.

பெட்ரோல் தீர்ந்துபோன ஊர் அது.
வெளியே கல்தெருவில், டக் டக்கென்று,
யாருடைய விறகுவண்டியோ வந்து
எங்கள் வாசலில் நின்றது.
குதிரை ஒருமுறை மூச்சைச் சீறியது.

வசனத்தை நான் சொல்லவேயில்லை.
இருட்டிலிருந்து
ஒரு செருமல் மட்டும் கேட்டது.