தண்ணீர்க் குழுவில் மூன்றாவது

பிக்ரிக் அமில மஞ்சளில்
ஒன்றுக்குத் தலையில் பொட்டு, ஒன்றுக்கு முதுகில்,
மூன்றாவதற்கு வாலில்.
பெயர் வைக்கக் கூடாது; எழுதாத விதி.
ஆனாலும் நாலாம் நாளில்
வால்மஞ்சள் என்பதே பெயராகிவிடுகிறது.

சாங் நகரில் ஆறு நாளாக மழை.
மின்சாரம் போகப்போவது
ஜெனரேட்டர்காரருக்கு முன்னால் எலிகளுக்குத் தெரியும்.
மரத்தூளுக்குள் சரசரப்பு சட்டென்று நிற்கும்.

பட்டையைக் கொதிக்கவைத்து, வடிகட்டி,
உலர்த்தினால் செங்காவி நிறத்தில் ஒரு பொடி.
கிலோவுக்கு இரண்டாயிரம் மில்லிகிராம்.
நூற்றெழுபத்திரண்டு கிராம் எலிக்கு
முந்நூற்று நாற்பத்துநான்கு.
முதல் அரைமணி நேரம் கண்ணெடுக்கக் கூடாது:
நடுக்கம், எச்சில், மயிர்சிலிர்ப்பு, தள்ளாட்டம்.
எதுவும் இல்லை.
மருந்து குடித்தவை முகம் கழுவிக்கொண்டு
ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கின.

செத்தது
வெறும் தண்ணீர் குடித்த ஒன்று.

குழாய் ஒரு மயிரிழை விலகிப் போயிருந்தது.
மூக்கில் ஒரு குமிழி;
அதைக் கண்ணுக்கு முன் விரல் அறிந்தது.
முனைவர் ஜூஃபாக் பதிவேட்டைத் திறந்து
'காரணம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
எழுதினேன்: கைப்பிழை. என்னுடையது.
கையெழுத்துக்கும் தேதிக்கும் இடையில்
இரண்டு முறை விளக்கு அணைந்து எரிந்தது.

பதினான்காம் நாள் மற்றவையும் போயின.
நலமாக இருந்ததால்தான் போயின.
தராசில் ஈரல்கள்,
மழையில் நனைந்த கூழாங்கல் போல,
ஒரு குறையும் சொல்ல முடியாத ஈரல்கள்.

இருபத்தெட்டு நாள் சோதனைக்கு
இன்னும் பட்டை வேண்டும்.
சந்தையில் மெகுவோ அம்மாள்
வாழைநாரால் கட்டிக் கட்டி அடுக்கியிருந்தாள்.
காய்ச்சலுக்கு, முதுகுக்கு, பிள்ளை நிற்காதவளுக்கு.
அளவு? ஒரு கை.
யாருடைய கை என்றேன். சிரித்தாள்.
"குடித்தவர்கள் திரும்பி வந்து வாங்குகிறார்கள்.
இதைவிட என்ன சோதனை, மகளே?"

திரும்பி வராதவர்களை எண்ண
அவளிடம் கூண்டில்லை.
எண்ண முடிந்த என்னிடம் இருப்பது
பன்னிரண்டு கூண்டு, இப்போது காலி.

சில்லறை வாங்கும்போது என் கட்டைவிரலைப் பார்த்தாள்.
"மஞ்சள் குழம்பா? இந்தக் காலையிலா?
யார் வீட்டில் விசேஷம்?"

பதிவேட்டில் வராத பொய்
நாக்கில் எவ்வளவு எளிதாக வந்தது.
ஆமாம் என்றேன்.
நல்ல குழம்பு, மாமா.